ஒரு அறைக்கு இரண்டு ஃபாரம்

1. தவளை

கரோல் பாகில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் என்னை நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வைத்த போன் ஒன்றே ஒன்றுதான். அது தவளைகளைப் பற்றிய புகார்.

பேசியவர் அதே மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த பழைய கஸ்டமர். அவரையும் குடும்பத்தார் எட்டுப் பேரையும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில், மழைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு சொகுசு லாட்ஜுக்கு நான் அனுப்பியிருந்தேன். லாட்ஜில் சிக்னல் கிடையாது. ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் கீழே இறங்கி, ஆற்றுத் துறைக்கு வந்து, அங்கிருந்து பேசினார். அவ்வளவு தூரம் வருவதற்குள் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

"மேடம் ஜி, ராத்திரி பூரா சத்தம். தவளை. நிறுத்தச் சொல்லுங்க."

"யாரை சார் நிறுத்தச் சொல்லணும்?"

"மேனேஜரை. இவ்வளவு காசு வாங்குறான், தவளைக்கு ஒரு ஏற்பாடு பண்ண மாட்டானா?"

அவர் பேசியது ஹிந்தி. இந்தக் குறிப்பில் ஹிந்தியை எல்லாம் தமிழாக்கியே எழுதுகிறேன். என் அப்பா சோழவந்தானிலிருந்து டெல்லிக்கு கிளார்க் வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது கரோல் பாக் வாடகை வீட்டில். எந்த மொழியில் திட்டு வாங்கினேன் என்பதைச் சில சமயம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து அவருடைய மனைவி போனை வாங்கினார். காலில் அட்டை ஏறியது, ஏ.சி. இல்லை, துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. அதற்கடுத்து பேரன். அவன் கேட்டது வை-ஃபை பாஸ்வேர்ட். இல்லாத வை-ஃபைக்கு பாஸ்வேர்டும் இல்லை என்று சொன்னேன். அவன் அழ ஆரம்பித்ததும் தாத்தா போனைத் திரும்ப வாங்கி, இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். அவர் கடை எங்கள் ஆபீஸுக்கு நேர் எதிரே இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை ஏழு மாசம் காப்பாற்றினார். தெருவில் என்னைக் கண்டால் மெட்ரோ தூணைப் பார்த்துக்கொண்டு போவார்.

லாட்ஜ்காரர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிரசுரத்தில் எல்லாமே எழுதியிருந்தது, சின்ன எழுத்தில். சொகுசு என்று அவர்கள் சொன்னது வேறு. எதுவுமே காயாத ஊரில் காய்ந்த படுக்கை விரிப்பு, நல்ல மெத்தை, சூடான சாப்பாடு, ஒவ்வொரு பறவையையும் குரலை வைத்தே சொல்லிவிடும் கைடு. இதெல்லாம் அங்கே சொகுசுதான். துணிக்கடைக்காரர் அந்தச் சொல்லைப் படித்தபோது அவர் மனதில் வந்தது லிஃப்ட். அவருக்கும் காட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் நான். நான் போட்டோவைக் காட்டி விற்றுவிட்டேன்.

2. பதினொரு கேள்விகள்

அந்த வாரமே ஒரு ஃபாரம் தயார் செய்தேன். மழைக்காட்டு லாட்ஜ் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் அதை நிரப்ப வேண்டும். மொத்தம் பதினொரு கேள்விகள். நாலு நாள் போன் இல்லாமல் இருப்பீர்களா? அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள்? ஐந்து மணி நேரம் கார், பிறகு படகு, பிறகு ஜீப் என்றால் முதுகு தாங்குமா? ஒரு மிருகமும் கண்ணில் படாமல் திரும்பி வந்தால் என்ன சொல்வீர்கள்? மழை பிடித்து நாள் முழுக்க வராந்தாவிலேயே உட்கார வேண்டியிருந்தால் எப்படிப் பொழுது போக்குவீர்கள்? இந்த மாதிரி.

பதினோராவது கேள்வி: கூட வருகிறவரிடம் இதையெல்லாம் கேட்டீர்களா?

எங்கள் முதலாளி பல்லா சாப் ஃபாரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும், கழற்றிவிட்டு ஒரு முறையும் படித்தார்.

"அச்சா. ஜெயந்தி ஜி, நாம இங்க விக்கிறதுக்கு உட்கார்ந்திருக்கோமா, இல்ல இண்டர்வியூ எடுக்கவா?"

"அனுப்பினவங்க திரும்பியும் நம்மகிட்ட வரணும் சாப்."

"சரி, பத்தாக்கிடு. பதினொண்ணுன்னா யாரும் நிரப்ப மாட்டான். கடைசிக் கேள்வி எதுக்கு? குடும்பமா வர்றவன் கேக்காமலா வருவான்?"

நான் பத்தாக்கவில்லை. அவரும் மறந்துவிட்டார்.

ஃபாரம் நன்றாகவே வேலை செய்தது. தேனிலவுக்குப் போக வந்த ஒரு ஜோடி, தினமும் சாயங்காலம் போட்டோ போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்களைக் கடற்கரைக்கு அனுப்பினேன். தியானம் செய்கிற ஒரு கூட்டம் அமைதி வேண்டும் என்று எழுதியது. மழைக்காட்டில் எல்லாம் இருக்கும், அமைதி மட்டும் இருக்காது என்று சொல்லி ராஜஸ்தான் பக்கம் திருப்பிவிட்டேன். ஒரு பல் டாக்டர், அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, "எந்த வகை அட்டை?" என்று திருப்பி எழுதியிருந்தார். அவருக்கு அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த லாட்ஜை நான் நேரில் பார்த்ததில்லை. ஏஜெண்டுகளை இலவசமாக அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுகிற பயணம் வருஷம் ஒன்று வரும். அதற்கு பல்லா சாபின் மாப்பிள்ளை போய், எல்லா மரத்தின் முன்னாலும் தானே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவார். என் பதினொரு கேள்வியும் கஸ்டமர்களின் புகார்களிலிருந்து வந்தவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எழுதிக் கொடுக்கிற பதிலை வைத்து ஆளை எடை போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

3. ஆட்சேபணை இல்லை

போன வருஷம் பிப்ரவரியில் சண்முகவேல் சார் வந்தார். ஒரு அமைச்சகத்தில் டெபுடி செக்ரட்டரி. லோதி ரோடில் அரசாங்கக் குடியிருப்பு. தென்காசிக்காரர். ஏப்ரல் கடைசியில் ரிட்டயர்மெண்ட். ஊரில் வீடு கட்டி முடித்தாயிற்று, ஜூனில் போய்க் குடியேறுவதாகத் திட்டம். அதற்குமுன், மார்ச் மாச வேலையெல்லாம் முடிந்ததும், ஏப்ரல் முதல் வாரத்தில் மனைவியோடு நாலு இரவு அந்த லாட்ஜில் தங்க வேண்டும்.

"இந்த இடம்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?"

"வீட்டுல சொன்னாங்க. ஏதோ டி.வி.ல பாத்துருக்காங்க. நான் பார்க்கல. சாங்ஷன் பண்ணியாச்சு."

ஃபாரத்தைக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து நிரப்புங்கள் என்றால் கேட்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து உறையில் போட்டு, மேலே என் பெயரும் "நேரில்" என்ற குறிப்பும் எழுதி, தானே கொண்டுவந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஃபாரம் வாங்கியும் கொடுத்தும் பழகினவர் என்பது பதில்களில் தெரிந்தது. போன் இல்லாமல் இருப்பீர்களா? "ஆம். பொறுப்பு அதிகாரி நியமிக்கப்பட்டுள்ளார்." அட்டை? "ஆட்சேபணை இல்லை." மிருகம் கண்ணில் படாவிட்டால்? "குறித்துக்கொள்ளப்படும்." மழை நாளில் எப்படிப் பொழுது போக்குவீர்கள்? "பொருந்தாது." கூட வருகிறவரிடம் கேட்டீர்களா? "ஆம்."

எங்கே எதற்கு என்ன எழுதினால் ஃபாரம் திரும்பி வராதோ அதை எழுதியிருந்தார். அந்தப் பதில்களில் ஆள் இல்லை. நான் படித்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் அவர் போனை எட்டு முறை பார்த்தார், இரண்டு முறை எழுந்து போய்ப் பேசினார். கடைசி முறை போன் அடிக்காமலே எடுத்துப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த இடம் உங்களுக்குச் சரிப்படாது."

"எந்த கேள்வில குறை?"

"குறைன்னு இல்ல சார். நீங்க அங்க போனா தவிச்சுப் போயிடுவீங்க. கேரளாவுல காயல் ஓரமா நல்ல ரிசார்ட் இருக்கு. பேப்பர் வரும், சிக்னல் வரும், காபி கிடைக்கும்."

அவர் கோபப்படவில்லை. ஃபாரத்தைத் திரும்ப வாங்கி, எழுதினதை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். மறுநாள் காலை எனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. "மறுபரிசீலனை கோரி" என்று தலைப்பு. மூன்று பத்தி. இமயமலை எல்லையில் இரண்டு வருஷம் டெபுடேஷனில் பணிபுரிந்ததை முதல் பத்தியில் எடுத்துக்காட்டியிருந்தார். அங்கே அவர் எத்தனை பேர் நடுவில் பணிபுரிந்தார் என்பதை எழுதவில்லை.

4. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாத இடம்

மெயிலுக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்த அன்று மத்தியானம் ஓர் அம்மா தனியாக வந்தார். காட்டன் புடவை, கையில் துணிப்பை. மெட்ரோவில் வந்ததாகவும், வெளியே வருகிற வாசலைத் தப்பாக எடுத்ததால் அரை மணி நேரம் சுற்றியதாகவும் சொல்லிவிட்டு, "நான் உலகம்மாள். நீங்க வேண்டாம்னு சொன்னீங்கல்லா, அந்த சாரோட வீட்டுக்காரி" என்றார்.

சோறு உண்டாச்சா என்று என்னைக் கேட்டார். ஆச்சு என்றேன். அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. அவருக்கு அந்த எடம் சரிப்படாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்."

"ஏன் மேடம்?"

"மேடம்லாம் வேண்டாம், அக்கான்னு சொல்லுங்க. ஜூன்ல ஊருக்குப் போணும்னு சொல்லுதாரு. அங்க அவருக்கு ஆபீஸு கெடையாது. பொழுது விடிஞ்சா பொழுது போனா நானும் அவரும்தான். கல்யாணம் ஆயி முப்பத்து நாலு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்புல நாலு நாளு தனியா இருந்ததில்ல. ஆபீஸு, டூரு, விருந்தாளி, பொண்ணு படிப்பு. இப்பமும் வீட்டுல இருந்தா போனத்தான் பாக்காரு. நான் என்னத்தையாவது சொன்னா 'ம், பாப்போம்'னு சொல்லுதாரு, பைலு மாதிரி."

"சரிக்கா."

"குர்காவ்ல பொண்ணு இருக்கா. எனக்குன்னு ஒரு ரூமு வச்சிருக்கா. இவருகூட தென்காசிக்குப் போறதா, பொண்ணுகிட்ட இருந்துக்கிடுறதான்னு நான் முடிவு பண்ணணும். அதுக்கு இந்த நாலு நாளு. அவருக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது."

இருபத்தாறு வருஷத்தில் மலை, கடல், கோயில் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். இப்படி ஒன்றுக்குப் போட்டதில்லை. அப்படியானால் கேரளாவுக்கே போங்களேன் அக்கா, வசதியாக இருக்கும், அவருக்கும் பிடிக்கும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், மக்கு மாணவியைப் பார்க்கிற மாதிரி.

"அங்க டி.வி. இருந்தா டி.வி.யப் பாப்பாரு. போன் இருந்தா போனப் பாப்பாரு. எனக்கு, அவரு பாக்கதுக்கு வேற ஒண்ணுமே இல்லாத எடம் வேணும்."

அவரிடம் புதிதாக ஒரு ஃபாரம் கொடுத்தேன். அன்றுதான் எனக்கு உறைத்தது, ஓர் அறைக்கு ஒரு ஃபாரம் என்றே இத்தனை நாள் நடத்திக்கொண்டிருந்தேன். சண்முகவேல் சார் தன் ஃபாரத்திலேயே "பயணிகள்: இருவர்" என்று போட்டு இருவருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. எங்கள் அம்மாவுக்கான ஃபாரங்களையும் அப்பாதான் எழுதுவார். அம்மா கையெழுத்துப் போடுவாள்.

உலகம்மாள் அக்கா மேஜை மேல் குனிந்து தமிழில் எழுதினார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. போன் இல்லாமல்? "எனக்கு முடியும். அவருக்கு முடியாது." அட்டை? "சுண்ணாம்பு." மழை நாளில்? "மழையைப் பார்ப்பேன்." பதினோராவது கேள்வி வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு அவரு என்ன எழுதுனாரு?"

"ஆம்னு எழுதியிருக்கார்."

தன் ஃபாரத்தில் அந்தக் கேள்விக்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

மறுபரிசீலனை ஏற்கப்பட்டது என்று சண்முகவேல் சாருக்கு மெயில் அனுப்பினேன். நன்றி தெரிவித்து பதில் வந்தது.

5. நான் செய்த கள்ளத்தனம்

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் போட்டதிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர் காட்டில் முதல் நாளே பல்லைக் கடிப்பார், இந்த அம்மா மனம் விட்டுப் போய் குர்காவ் ரூமுக்குப் போய்விடுவார், முப்பத்து நாலு வருஷம் என் ஃபாரத்தால் முடிந்துபோகும் என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் நினைத்தேன். எனவே லாட்ஜ் மேனேஜர் ஆற்றுத் துறைக்கு வந்திருந்த ஒரு நாளில் அவரைப் போனில் பிடித்து இரண்டு ஏற்பாடு செய்தேன். ஒன்று, தினமும் மளிகை ஏற்றி வருகிற ஜீப்பில் சாருக்கு ஓர் ஆங்கில நாளிதழ். ஒரு நாள் பழசானாலும் பரவாயில்லை. இரண்டு, சாரிடம் ஏதாவது ரிஜிஸ்டரைக் காட்டி யோசனை கேளுங்கள், அவருக்குக் கை பரபரக்கும்.

"மேடம், கெஸ்ட்டுக்கு வேலை கொடுக்கிற லாட்ஜ் எங்களுது ஒண்ணாத்தான் இருக்கும்," என்றார் மேனேஜர்.

"வித்தியாசமான அனுபவம்னு பிரசுரத்துல போட்டுக்கோங்க," என்றேன்.

உலகம்மாள் அக்கா கேட்டது பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாத இடம். நான் அங்கே பேப்பர் போட ஆள் வைத்தேன். கஸ்டமர் என்ன கேட்டார் என்பதை விட்டுவிட்டு, அவருக்கு எது நல்லது என்று நானே முடிவு செய்தேன். சண்முகவேல் சாரைக் குறை சொல்லிக்கொண்டு, அவர் செய்ததையேதான் செய்தேன்.

ஏப்ரலில் போனார்கள். மூன்றாம் நாள் அங்கே மழை பிடித்தது. ஆற்றுத் துறையில் இருக்கிற லாட்ஜ் ஆள், மேலேயிருந்து வாக்கி-டாக்கியில் வந்த தகவலை எனக்குப் போனில் சொன்னான். வழியில் ஒரு சின்னப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, ஜீப் மேலும் கீழும் போகாது, எல்லோரும் பத்திரம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கீழே இறங்க இன்னும் நாலு நாள் ஆகும். நாலு இரவு ஆறு இரவானது.

பல்லா சாப் என் மேஜைக்கு வந்து நின்றார். "ஜெயந்தி ஜி, பதினொரு கேள்வி கேட்டியே, பாலத்தைப் பத்தி ஒண்ணு கேட்டியா?"

குர்காவிலிருந்து மகள் பேசினாள். டெல்லியில் பிறந்த பெண், தமிழை எண்ணி எண்ணிப் பேசினாள். "ஆன்ட்டி, அம்மா அப்பா டீக் ஹை நா? நல்லா இருக்காங்கல்ல?"

"பத்திரமா இருக்காங்கம்மா. ரெண்டு நாள் கூட ஆகும், அவ்வளவுதான்."

"ரெண்டு பேரும் தனியா ஆறு நாள்! பேப்பர் இல்ல, போன் இல்ல. அப்பாவ நினைச்சாத்தான் டென்ஷன் ஆன்ட்டி."

"சண்டை வரும்னு பயப்படுறியா?"

"இல்ல ஆன்ட்டி. அவங்க சண்டைகூடப் போட மாட்டாங்க. பேசினாத்தானே?"

அந்த இரண்டு நாளும் நான் விமான டிக்கெட்டை மாற்றுகிற வேலையைப் பார்த்தேன். அதற்கு இருபது நிமிஷம்தான் ஆகும். மீதி நேரம் தேதியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

6. திருத்தம்

திரும்பி வந்து மூன்றாம் நாள் உலகம்மாள் அக்கா வந்தார். இந்த முறை மெட்ரோ வாசல் சரியாகப் போயிற்றாம். உட்கார்ந்ததும் கணுக்காலில் இருந்த அட்டைக்கடித் தழும்பைக் காட்டினார், ஏதோ வாங்கி வந்த பொருளைக் காட்டுகிற மாதிரி.

"மொத நாளு தண்ணித் தொட்டி, சோலாரு, எல்லாத்தையும் சுத்திப் பாத்துக் குறிப்பெடுத்தாரு. மறுநாளு ரிஜிஸ்டர திருத்திக் குடுத்தாரு. எவனோ யோசன கேட்டானாம். ரெண்டு நாளும் பேப்பரு வேற வந்துச்சு பாத்துக்கிடுங்க, அந்தக் காட்டுக்குள்ள. யாரு ஏற்பாடுன்னு எனக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தப்புதான்க்கா."

"தப்புதான்," என்றார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். "மூணாம் நாளு மழை. ஜீப்பு வரல. பழைய பேப்பர மூணு வாட்டி படிச்சாரு, டெண்டர் நோட்டீசு வரைக்கும். அப்புறம் அதுவும் நனைஞ்சு போச்சு. நாலாம் நாளு வராந்தாவுல ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். மழையான மழை. திடீர்னு கேக்காரு: 'உலகு, நீ மொத மொத டெல்லிக்கு வந்தன்னைக்கு ஸ்டேஷன்ல அழுதியே, எதுக்கு?'"

"முப்பத்து நாலு வருஷம் கழிச்சா?"

"ஆமா. நான் ஊர நெனச்சு அழுததா இத்தன நாளும் நெனச்சிருக்காரு."

"எதுக்குக்கா அழுதீங்க?"

"எனக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு, கல்யாணம் ஆயி ரெண்டாம் மாசம். தென்காசிப் பக்கத்துலயே. இவருக்கு டெல்லியில வேல. என்ன செய்யலாம்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை'ன்னு அவரே எழுதிட்டாரு. எங்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்குனாரு. கேட்டிருந்தா நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. கேக்கலல்லா."

அவர் ஃபாரத்தில் எழுதிய எழுத்து ஏன் அச்சு மாதிரி இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் குடித்தேன்.

"அவர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். அதையும், மத்ததையும். ரெண்டு நாளு சொன்னேன். மழை விடலல்லா."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. 'ம், பாப்போம்'னும் சொல்லல."

தென்காசியா, குர்காவா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இன்னும் முடிவு பண்ணலம்மா. சொல்லுதேன்."

ஒரு வாரம் கழித்து சண்முகவேல் சார் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"மேடம், நான் கொடுத்த ஃபாரம் இருக்கா?"

பைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். பதினோராவது கேள்விக்குப் போனார். தான் எழுதியிருந்த "ஆம்" மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கீழே இருக்கிற எழுத்து படிக்கத் தெரிகிற மாதிரி அடிப்பதுதான் ஆபீஸ் முறை. பக்கத்தில் "இல்லை" என்று எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டார். ஒரு முறை சரி பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ரெக்கார்டு சரியா இருக்கணும்," என்றார். நான் வாங்கி பைலில் வைத்தேன்.

"இதுல வெத்து ஃபாரம் ரெண்டு குடுங்க. ரெண்டு வேணும். ஊர்ல வீடு கட்டியிருக்கோம். அதுக்கு இதுல பாதிக் கேள்வி பொருந்தும், மீதிய நாங்க மாத்திக்கிடுதோம்."

கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஒரு சஜஷன் மேடம். அந்தப் பதினொண்ணாம் கேள்விய முதல் கேள்வியா போடுங்க. கடைசில இருந்தா ஆள் களைச்சுப் போய் எதையாவது எழுதிடுவான்."

அன்று சாயங்காலமே மாற்றினேன். மாற்றின கையோடு மேலே ஒரு வரியும் சேர்த்தேன்: ஓர் அறைக்கு இரண்டு ஃபாரம், அவரவர் கையால். பல்லா சாப் பார்த்துவிட்டு, இனி பாதிப் பேர் ஓடிப்போவார்கள் என்றார். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது, அவர் சொன்ன அளவுக்கு யாரும் ஓடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஓர் இடம் ஒருவருக்கு ஒத்துவருமா என்பதை அட்டையையும் ஏ.சி.யையும் வைத்து முக்கால்வாசி சொல்லிவிடலாம். மீதிக் கால்வாசி, அந்த ஆள் எதைப் பார்க்கப் போகிறார் என்பதில் இருக்கிறது. அதை அவர் வாயால் சொல்லக் கேளுங்கள், பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்காதீர்கள். கேட்ட பிறகு, நடுவில் பேப்பர் போடாதீர்கள்.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் எனக்கு போன் வந்தது. உலகம்மாள் அக்கா. பின்னால் ஒரே சத்தம்.

"தென்காசியில இருந்து பேசுதேன்மா. சாரல் தொடங்கிட்டு. சிக்னல் நல்லா இருக்கு."

"பின்னால என்னக்கா சத்தம்?"

"எட்டாங் கிளாஸு பிள்ளைய. டியூஷனுக்கு வந்துருக்குதுவ. அப்புறம் உள்ள சார் அலமாரியப் பூராம் உருட்டிக்கிட்டு இருக்காரு. போன எங்க வச்சாருன்னு தெரியலயாம். நேத்து சாயங்காலத்துல இருந்து காணோம், இப்பத்தான் தேடுதாரு."

"அவர் நம்பருக்கு நான் ஒரு ரிங் கொடுக்கட்டுமாக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "மெதுவாக் கெடைக்கட்டும்."